பூக்கல்லும் குட்டிக் கதிரைகளும்

கதிர்காமநாதன் மாமா அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கவே கூடாது.

அது நான்கு வயதுப் பிள்ளைக்காகச் செய்த குட்டிக் கதிரை. மாமாவோ வாட்டசாட்டமான ஆள். "யசீகரன், பிள்ளையளுக்கு முதல் நான் ஒருக்கா இருந்து பாக்கிறன்" என்று சொல்லி மெல்ல அமர்ந்தார். கதிரை தன் கால்களைத் திசைக்கொன்றாக நீட்டிவிட்டது. மாமா "ஐயோ முருகா!" என்றபடி தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கஜானிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கிவிட்டது.

ஒரு கால்கூட உடையவில்லை. ஒட்டிய இடங்கள்தான் கழன்றிருந்தன. அப்பா ஒரு காலை எடுத்துத் தடவிப் பார்த்தார். பசை மாவு போல உதிர்ந்தது.

"நேற்று ஒட்டினது அண்ணை. இந்தக் குளிருக்குள்ளை பசை பிடிக்குதில்லை" என்றார் அப்பா.

"ஏலாட்டிச் சொல்லும், யசீகரன். ஒருத்தரும் குறை நினைக்க மாட்டினம்" என்றார் மாமா, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே.

"வியாழக்கிழமை வரைக்கும் பாப்பம். சரிவராட்டி நானே ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன்."

மாமாதான் ஆக்லாந்தின் ஹென்டர்சனில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். பெரிய வகுப்புகளுக்குக் கதிரைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு மண்டபத்தின் வெறும் தரைதான். குளிர்காலத்தில் அந்தத் தரையில் காலை வைத்தாலே உடம்பு சிலிர்க்கும்.

லக்ஷிகா என்று ஒரு சின்னவள். அவள் ஒவ்வொரு வகுப்பிலும் தன் கோட்டைக் கழற்றி, மடித்து, அதன்மேல் உட்காருவாள். பிறகு கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டே "அம்மா, ஆடு, இலை" சொல்வாள். கஜானிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். "அதுக்கென்ன, நான் செய்து தாறன்" என்றார் அப்பா.

போதாதா நம் கஜானிக்கு? அடுத்த வகுப்பிலேயே லக்ஷிகாவின் விரலைப் பிடித்து, "வாற சனிக்கிழமை உனக்குக் கதிரை வரும். ப்ரொமிஸ்!" என்று சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"வீட்டு ஹோலுக்குள்ளை கொண்டுவந்து ஒட்டுங்கோவன்" என்றார் அம்மா சுகந்தினி. ஒரு கதிரையைக் கொண்டுவந்தும் பார்த்தார்கள். பசை காய்வதற்குள் இரண்டு வயதுத் தம்பி சஞ்சீவன் அதில் ஏறிக் குதிரை ஓட்டிவிட்டான். அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

அப்பா கதிரைகளை ஒட்டிய கராஜில் ஒருநாளும் கார் நின்றதில்லை. அது அப்பாவின் பட்டறை. கோடையில் லீவு கிடைத்த போதெல்லாம் அவரே கட்டியது. கட்டியதும் சாதாரணக் கல்லால் அல்ல. உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த, பாரமில்லாத சீமேந்துக் கல். உடைந்த துண்டொன்றை வாளித் தண்ணீரில் போட்டபோது அது மிதந்தது. கல் மிதப்பதைப் பார்த்துத் தம்பி கைதட்டினான்.

"இதுக்குள்ளை காத்து அடைபட்டுக் கிடக்கு. அசையாத காத்து சூட்டை வெளியிலை விடாது" என்று அப்பா அப்போது சொல்லியிருந்தார்.

கூரைக்குக் கீழே மெத்தை போன்ற பஞ்சும் பரப்பினார். கதவின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார். எண்ணெய் ஹீட்டர் ஒன்றும் வாங்கி வைத்தார். இவ்வளவும் செய்தும் பட்டறை குளிர்ந்துதான் கிடந்தது. ஹீட்டர் பாவம், பகல் முழுக்க எரிந்து களைத்துப் போனது.

"இன்னொரு ஹீட்டர் வாங்கவோ?" என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"கரண்ட் பில்லை ஆர் கட்டுறது?" என்றார் அம்மா.

திங்கள் மாலை. அப்பா வழக்கம்போலப் பட்டறைப் பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு மரத்தை இழைக்கத் தொடங்கினார். கஜானி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் ஊதுபத்திப் புகை சோம்பேறி. அங்கே இங்கே சுற்றிக்கொண்டே நிற்கும். இங்கே அதற்கு என்ன அவசரம்? விறுவிறு என்று மேலே ஏறியது. சுவரின் உச்சிக்குப் போய், அங்கிருந்த பூக்களின் வழியாக வெளியே நழுவியது.

கஜானிக்குத் திக்கென்றது.

அவை அப்பாவின் பூக்கற்கள். நடுவில் பூ வடிவத்தில் ஓட்டை விட்ட கற்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் சுவரின் உச்சியில் பதிப்பார்கள். புழுக்கம் அதன் வழியாக வெளியே போய்விடும். அப்பா ஆக்லாந்தில் அதைத் தேடித் தேடி அலுத்து, தானே அச்சுச் செய்து வார்த்து எடுத்தார். யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான். "கட்டடம் எண்டா மூச்சு விடவேணும்" என்பார் பெருமையாக.

புழுக்கத்தை அனுப்பும் பூ, ஹீட்டர் சூட்டை மட்டும் விட்டு வைக்குமா?

கஜானி வாயைத் திறந்தாள். அப்பா இழைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பாவின் முகம் வாடும். சொல்லாவிட்டால் லக்ஷிகா நடுங்குவாள்.

அடுத்தநாள் பள்ளி விட்டு வந்ததும் ஏணியில் ஏறினாள். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கிடைத்த பழைய சொக்ஸ், தொப்பி, தம்பியின் சின்னதாய்ப் போன பிஜாமா எல்லாவற்றையும் பூவுக்குப் பூ அடைத்தாள். ஹீட்டரைப் போட்டாள். அப்பா வேலை முடிந்து வருவதற்குள் பட்டறை இதமாகிவிட்டது.

அப்பா வந்தார். "அட, சுடுதே!" என்று சிரித்தார். அண்ணாந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"என்ரை பூவுக்குள்ளை சொக்சோ?"

"சொறி அப்பா. நீங்களே பாருங்கோவன்." கஜானி ஒரு சொக்சை இழுத்தெடுத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். புகை நேராக அந்த ஒற்றைப் பூவைத் தேடிப் போய் வெளியே ஓடியது.

அப்பா ஏணியில் ஏறி அந்தப் பூவில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "நீ சொல்லுறது சரி, பிள்ளை. ஊர்ப் பழக்கத்திலை கட்டிப்போட்டன்" என்றார். வாளியில் சீமேந்தைக் கொட்டினார். "பூசி அடைச்சு விடுவம்."

அவர் குரலைக் கேட்கவே கஜானிக்கு அழுகை வந்தது. பூவெல்லாம் வெறும் சுவராகப் போய்விடுமே! வாளியைப் பார்த்தாள். அதே வாளியில்தான் அன்றைக்குக் கல் மிதந்தது.

"நில்லுங்கோ அப்பா! கல்லுக்குள்ளை காத்து அடைபட்டிருக்கிறபடியால்தானே சூடு நிக்குது?"

"ஓம்."

"அப்ப பூவுக்குள்ளை இருக்கிற காத்தையும் அடைச்சு வைப்பம். இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி. பூவும் இருக்கும், காத்தும் ஓடாது."

அப்பா கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். தன் நெற்றியில் தானே ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார்.

விஷயம் என்னவென்றால், அப்பாவுக்கு பென்ரோஸில் ஜன்னல் தொழிற்சாலையில் வேலை. குளிர் புகாத ஜன்னல்கள். இரண்டு கண்ணாடி, நடுவே அடைபட்ட காற்று!

"நாள் முழுக்க ஊருக்கெல்லாம் அதைத்தானே செய்து குடுக்கிறன்!" என்றார் அப்பா.

"வீட்டிலை வந்து ஓட்டை விடுறியள்" என்றார் வாசலில் நின்ற அம்மா. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா மேலாளரிடம் கேட்டுக் கழிவுக் கண்ணாடித் துண்டுகளை வாங்கி வந்தார். வெளிப்பக்கத்துக் கண்ணாடிகளை இறுக்கமாகப் பொருத்தினார். உள்பக்கம் போட நினைத்தபோது கஜானி கேட்டாள். "சமருக்குப் புழுங்குமே அப்பா?"

"அதுவும் சரிதான்" என்று அவர் வெளிப்பக்கத்தையும் கழற்றி, இரண்டு பக்கத்துக்கும் கதவு போலத் திறக்கும் பிணைச்சல் வைத்தார். கோடை வந்தால் திறந்துவிடலாம். பூ மறுபடி மூச்சு விடும்.

வியாழக்கிழமை கதிரைகளையெல்லாம் மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை பசை இறுகிப் பிடித்தது. அப்பா ரெலிபோன் எடுத்தார். "அண்ணை, சனிக்கிழமை கொண்டு வாறன்" என்றார். கஜானி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி வழியாக வந்த வெயில் தரையில் வரிசையாகப் பூக்கள் போட்டிருந்தது. முன்னைவிட அழகாக இருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் முதலில் உட்கார்ந்தது யார் என்கிறீர்கள்? கதிர்காமநாதன் மாமாதான். எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். கதிரை அசையவில்லை. மாமா வெற்றியோடு எழுந்தார். கைப்பிடிகளுக்குள் இடுப்பு இறுகி, கதிரையும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத்தான் அவரை விடுவித்தார்கள்.

லக்ஷிகா தாமதமாக ஓடிவந்தாள். பையை வைத்தாள். வழக்கம்போலக் கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, உட்காரும் இடம் பார்த்துக் குனிந்தாள். அப்போதுதான் அந்தக் கதிரையைக் கண்டாள்.

"எனக்கோ?" என்று கஜானியைக் கேட்டாள்.

"உனக்குத்தான். ப்ரொமிஸ் பண்ணினனான் எல்லோ?"

லக்ஷிகா மடித்த கோட்டை உதறி விரித்தாள். கைகளை நுழைத்து அதைப் போட்டுக்கொண்டு, கழுத்துவரை பொத்தானும் பூட்டி, கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.