புகார்ப் பெட்டியின் சாவி

மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் சிறுமியர் இல்லத்தின் தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். பட்டப்பகல்தான். ஆனாலும் உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். பினாயில் நெடிக்கு அடியில் நனைந்த மெத்தையின் வாடை.

"வாங்க மேடம். மூணு மாசமாச்சே, எங்கள மறந்தே போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தார் காப்பாளர்.

அவள் இல்லத்தைச் சேர்ந்தவள் அல்ல. இல்லங்களைக் கண்காணிக்கும் தனி அலுவலகத்திலிருந்து வருபவள். தாழ்வாரத்தின் கோடியில், சிறுமிகளின் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் இரும்புப் புகார்ப் பெட்டி. அதன் ஒரே சாவி அவளிடம். எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது விதி.

போன முறை ஒரே நாளில் இரண்டு இல்லங்கள். சாவிக்கொத்தை வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக அலுப்பு. 'பெட்டி திறக்கப்பட்டது. புகார் இல்லை' என்று இரண்டு அறிக்கைகளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் இங்கே ஒரு சிறுமி இறந்துபோனாள். பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று இருந்தது.

"உங்க பொட்டிய எலிகூட மோந்து பாக்கறதில்ல மேடம். மொதல்ல ஒரு வாய் டீ குடிங்க."

"தொறந்துட்டு வரேன்."

தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சின்னவள் ஒருத்தி, காப்பாளர் நகர்ந்ததும் கிசுகிசுத்தாள்.

"மெதுவா தொறங்கக்கா. சத்தம் கேட்டா உள்ளேர்ந்து தட்டுவா."

"யாரு?"

சின்னவள் குனிந்து பெருக்கத் தொடங்கினாள்.

பூட்டு சில்லென்றிருந்தது. உள்ளே நான்கு சீட்டுகள். நான்கிலும் சாய்ந்து விழும் ஒரே கையெழுத்து.

முதலாவதில், போன முறை அவள் வந்ததற்கு முந்தைய நாளின் தேதி. 'தப்பு செய்தால் சாமான் அறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். எனக்கு இளைப்பு இருக்கிறது. மூச்சு முட்டுகிறது.'

இரண்டாவதில், 'அக்கா, நீங்கள் வந்தீர்கள். பெட்டியைத் தொடவே இல்லை.'

மூன்றாவதில், அந்தச் சிறுமி இறந்ததற்கு மறுநாள் தேதி.

'இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.'

நான்காவது, இன்றைய தேதி. மை அவள் கட்டைவிரலில் ஒட்டியது.

'இன்றாவது எழுதுவீர்களா?'

முதல் சீட்டைக் காட்டினால், அன்றே ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். பதினெட்டு வருட வேலை போய்விடும். யாரும் பார்க்கவில்லை. சீட்டுகளை மடித்தாள். கை தானாகக் கைப்பைக்குள் போனது.

டக்.

பெட்டிக்கு எதிரே, சாமான் அறைக் கதவு.

டக். டக்.

"அங்க யாரு?"

திரும்பி வந்த காப்பாளரின் முகத்தில் சிரிப்பு இல்லை. "யாருமில்ல மேடம். அன்னைக்கிலேர்ந்து அத நாங்க தொறக்கறதே இல்ல."

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். விசிலடிப்பது போல நீளமாக, பாதியில் அறுந்து.

அவள் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். சாமான் அறையை எழுதினாள். இளைப்பை எழுதினாள். நான்கு சீட்டுகளையும் இணைத்தாள். காப்பாளர் கெஞ்சியதும் மிரட்டியதும் காதில் ஏறவில்லை. கடைசி வரிக்குத்தான் பேனா நின்றது.

'சென்ற முறை நான் பெட்டியைத் திறக்கவில்லை. பொய் எழுதினேன்.'

கையெழுத்துப் போட்டதும் தட்டல் நின்றது.

வெளியே ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போனால் போகட்டும். மூன்று மாதத்தில் முதல் முறையாக மார்பிலிருந்து பாரம் இறங்கியிருந்தது.

டிரைவர் கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார்.

"வீட்டுக்கா மேடம்? இல்ல, பாப்பா சொல்ற மாதிரி, அன்னைக்குப் போன இன்னொரு இல்லத்துக்கா?"

"எந்தப் பாப்பா?"

"பின்னாடி ஒக்காந்திருக்கே. அங்கயும் ஒரு பொட்டி இருக்காமே."

அவள் திரும்பினாள். பின்சீட்டில் யாருமில்லை.

இருக்கையில் சின்னதாக இரண்டு கை அடையாளம், ஈரமாக. நடுவில், பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்த அவளுடைய சாவிக்கொத்து.