குகநேசனின் வெள்ளிப் பனைகள்

"அவளை உள்ளுக்குத் தள்ள ஆதாரம் வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டனான்!"

குகநேசன் வாசலிலேயே கத்தினார். வந்தவர்களுக்கு உட்கார ஒரு கதிரை காட்டக்கூட அவருக்குப் பொறுமையில்லை. கனடாவிலிருந்து திரும்பி ஊர்காவற்துறைக் கடற்கரையில் விடுதி கட்டியவர் அவர். முகப்பில் நட்ட பன்னிரண்டு பிஸ்மார்க் பனைகளும் இரண்டே மாதத்தில் வாடிக்கொண்டிருந்தன. மடகஸ்கார் தேசத்து வெள்ளிநிற அழகு மரங்களாம்.

விவசாயப் போதனாசிரியை பிரியவதனி மரங்களைப் பார்த்தார். கணவர் கருணாகரன்தான் துள்ளினார். மனைவி துப்புத்துலக்கப் போனால் லீவு போட்டுவிட்டுப் பின்னால் வருகிற மனிதர். "ஆர் செய்தது?"

"தோட்டவேலைக்கு வாற மேரிஜோசப்பின். பிந்தி வாறாள் எண்டு ஏசினனான். அந்தக் கோபத்திலை மட்டையெல்லாம் செதுக்கிப்போட்டாள். பொலிஸ் இப்ப வரும்."

ஜோசப்பின் மதிலோரம் நின்றார். கண் சிவந்திருந்தது, அழுது அல்ல, ஆத்திரத்தில்.

"மாதாவே! கிட்டப் போகாதை எண்டு மரம் நட்ட தம்பி சொல்ல, தூர நிண்டு குழாயாலை தண்ணி அடிச்சவள் நான்! ரோட்டுப் போடுறவையின்ர மண் அள்ளுற பெக்கோ எங்கட வெளிக்காணி வேலியைப் பிடுங்கிக்கொண்டு போனதிலை இருந்து காணிக்குள்ளை ஒரே ஆடுகள். துரத்திப்போட்டு வரப் பிந்துது. அதுக்கு என்னை மறியலிலை போடுறதோ?"

மரங்களைக் கொண்டுவந்து நட்ட ஒப்பந்தக்காரன் மிதுஷன் சிரித்தான். "வெளிநாட்டுச் சாமானின்ர அருமை எங்கட சனத்துக்குத் தெரியாது அக்கா."

எங்கட சனமாம்! வாயைப் பாருங்கள்.

பிரியவதனி ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்தார். மட்டைகளின் இரு ஓரமும் அடியிலிருந்து நுனிவரை ஒழுங்காகச் சீவப்பட்டிருந்தன. விரலால் தேய்த்தார், வெள்ளிப் பொடி ஒட்டியது. நடுவில் புதிதாக விரிந்த ஓலை மட்டும் பச்சை. அதன் மட்டையைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார், விரலில் இரத்தம். அடியில் கிடந்த அலங்காரக் கற்களை விலக்கினார். காய்ந்த மட்டைக் கட்டையில் நீளமான பழைய ஆணி ஒன்று வளைத்து அறையப்பட்டிருந்தது. மற்றப் பதினொன்றிலும் அதே உயரத்தில் அப்படியே.

கருணாகரன் ஓடிவந்தார். "இஞ்சரும், அவவின்ர கத்தி! கறையும் இருக்கு. பிடிச்சிட்டம்!"

"கத்தியை வைச்சிட்டு எல்லாரையும் கூப்பிடுங்கோ."

எல்லோரும் வந்தார்கள்.

"கோபத்திலை வெட்டுறவை கண்டபாட்டுக்கு வெட்டுவினம்," என்றார் பிரியவதனி. "இது தச்சுவேலை மாதிரிக் கிடக்கு. அது போகட்டும். வெட்டின தழும்பிலையே வெள்ளி படிஞ்சிருக்கு. மரம் இஞ்சை வரேக்கையே வெள்ளி எண்டால், வெட்டினது எப்ப?"

"வர முந்தி," என்றார் கருணாகரன் மெதுவாக. இன்னும் கத்தியை விடாத கை கீழே இறங்கியது.

"ஓம். உண்மையான பிஸ்மார்க்குக்கு அந்த நிறம் பிறப்பிலை வாறது. இது ஆரோ அடிச்ச ஸ்பிரே. ஓரத்தைச் சீவினது ஏன் எண்டு அறிய, அந்தப் பச்சை மட்டையிலை கை வையுங்கோ அண்ணை."

குகநேசன் வைத்தார். "ஐயோ!" ஓரம் முழுக்கக் கறுத்த வாள்பற்கள். "கருக்கு!"

"கருக்குத்தான். இது எங்கட வடலி. இளம் பனை. இந்த மண்ணிலை பிறந்தும் தெரியேல்லையே! வடலியைக் கிளப்பி நட்டால் தப்பிறது கஷ்டம். அதுதான் சாகுது."

மிதுஷன் குறுக்கிட்டான். "கண்டு விக்கிற நேர்சரியிலை மாறித் தந்திட்டாங்கள்..."

"நேர்சரி மரத்துக்கு ஆணி ஏன் தம்பி? பன்னிரண்டிலையும் ஒரே உயரத்திலை! இது முள்ளுக்கம்பி இழுத்து வேலியா நிண்ட மரம். பெக்கோ வந்து வேலியைக் கொண்டுபோன காணி எது?"

ஜோசப்பின் ஏற்கெனவே ஆணியின் முன் குந்தியிருந்தார்.

"வள்ளத்து ஆணி. என்ர மனுசன் வளைச்சு அடிச்சது." எழுந்து மிதுஷனை நோக்கி விரல் நீட்டினார். "அட படுபாவி! ரோட்டுக்காரரை எல்லோ இவ்வளவு நாளும் திட்டினனான்! என்ர வடலியைக் களவெடுத்து, என்னைக்கொண்டே தண்ணி ஊத்துவிச்சு, கடைசியிலை நான்தான் சாக்காட்டினனான் எண்டும் சொல்லுவியோ?"

மிதுஷன் வாசல் படலைப் பக்கம் பார்த்தான். பொலிஸ் ஜீப் குறுக்கே வந்து நின்றது.

குகநேசன் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஜோசப்பின், ஊருக்குள்ளை இது வேண்டாம். நான் பொலிஸைத் திருப்பி அனுப்புறன். நாளைக்கு வழமைபோல வேலைக்கு வாரும்."

விடியத் தொடங்கி 'அவள்', 'இவள்' என்றவருக்கு இப்போதுதான் 'வாரும்' வாயில் வந்தது. வெட்கங்கெட்ட மனிதர்!

"ஆர் முறைப்பாடு குடுக்கிறது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

குகநேசன் வாயைத் திறக்க முதல் ஜோசப்பின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் ஐயா. இரண்டு பேருக்கு எதிரா. எழுதுங்கோ."