பாட்டு ஓடிக்கொண்டிருந்த வீடு

“அம்மா, இந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க எல்லாரும் ரொம்பக் குட்டையா?”

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் காலையில் சிட்டு இப்படிக் கேட்டாள். ஆறு வயது. கூடத்துச் சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுவரில் தெரிந்த வெளிறிய கட்டங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நெடுநாள் படங்கள் தொங்கிய இடங்கள் அவை. சுற்றிலும் சுவர் பழுத்துப் போயிருக்க, படம் மறைத்த பகுதி மட்டும் வெள்ளையாக இருந்தது. மொத்தம் ஐந்து கட்டங்கள். ஐந்தும் முழங்கால் உயரத்தில்.

“ஆமாடி. உன்னைவிடக் குட்டை,” என்றாள் அம்மா.

“அப்ப ஃபேனைத் துடைக்க யாரைக் கூப்பிட்டிருப்பாங்க, ஒட்டகச்சிவிங்கியையா?” என்று பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அப்பா கேட்டார். சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் மகளின் கேள்விக்குச் சரியான பதில் அவளுக்குத் தெரியும்.

படங்களுக்குச் சட்டம் போடுவது அவள் தொழில். பதினான்கு வருடமாக ஊரார் படங்களுக்கெல்லாம் கண்ணாடி வெட்டி, மரம் இழைத்து, சில வீடுகளுக்கு நேரில் போய் மாட்டியும் கொடுத்திருக்கிறாள். வாடகை வீட்டில் அவள் படங்கள் பழைய சேலைக்குள் சுற்றி அலமாரிக்கு மேல் கிடந்தன. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் குதிப்பார். இப்போது இது சொந்த வீடு. நாலாவது மாடி, இரண்டு அறை, மேற்கே பெரிய ஜன்னல். ஒரே நாளில் ஆறு படங்களை மாட்டினாள். பேருந்து ஓட்டும் கணவன் மிச்சம் பிடித்து வாங்கிய ஸ்பீக்கரை மூலையில் வைத்து வயலின் போட்டான். வெயில் சாய்ந்து படங்களின் மேல் விழ, மூவரும் வெறும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார்கள். இத்தனை சந்தோஷத்துக்கு நாம் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

படம் மாட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. படத்தின் நடு, பார்க்கிறவரின் கண்ணுக்கு நேராக வரவேண்டும். நின்று பார்க்கிறவருக்கு நாலே முக்கால் அடி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடக் கீழே. தரையிலிருந்து ஒன்றரை அடியில் மாட்டச் சொன்னவர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார்.

“என் வீட்டம்மாவால எழுந்திரிக்க முடியாதும்மா. கட்டில்லேருந்து ரெண்டு தரம் விழுந்துட்டா, அதனால கீழ மெத்தை போட்டிருக்கேன். பேச்சும் போயிடுச்சு. பாட்டும் படமும்தான் அவளுக்கு. அவ கண்ணுக்கு நேரா இருக்கட்டும்.”

அந்த ஐந்து படங்களையும் இதே சுவரில் மாட்டியவள் அவள்தான். மெத்தையில் கிடந்த அந்த அம்மாள், கடைசிப் படம் மாட்டி முடித்ததும் ஒரு விரலை மட்டும் உயர்த்தி அவளைக் கும்பிடுவதுபோல் காட்டினாள். அன்றைக்கே சிட்டுவின் அம்மாவுக்கு இந்த ஜன்னல் வெளிச்சம் பிடித்துப்போயிற்று. பின்னால் வீடு விலைக்கு வந்தபோது, அடிமாட்டு விலைக்கு வந்தபோது, “வயசானவங்க ரெண்டு பேரு, காலம் முடிஞ்சு போய்ட்டாங்க” என்று தரகர் சொன்னதை அவள் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டாள். தான் முன்பு இங்கே வந்ததைக் கணவனிடம் சொல்லவில்லை. மாட்ட வந்ததையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு தரம் வந்ததையும் சொல்லவில்லை.

பழைய ஆணி ஓட்டைகளைப் பட்டிமாவு வைத்து அடைத்து, மேலே வெள்ளையடித்தாள். கட்டங்கள் மறைந்தன.

ஏழாவது படம் பெரியது, ஆற்றங்கரைப் படம். அதைத் தாங்கும் கொக்கி கையில் இல்லாததால் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருந்தாள். நாலாம் நாள் மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தவள், அந்தப் படத்தின் கண்ணாடியில் ஒரு மங்கலைப் பார்த்தாள். உள்ளங்கையகலம். வெயில் காயும் கூடத்தில், உலர்ந்த கண்ணாடியில், ஆவி படிந்ததுபோல.

கண்ணாடிக்கு உட்புறம் ஈரம் என்றால் அது சட்டம் போட்டவரின் தப்பு. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அழிந்தது. வெளிப்புறம். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அதே இடத்தில் மறுபடியும் மெல்லப் படர்ந்தது. ஓரம் சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. ரொம்பப் பக்கத்தில் முகம் வைத்து, வாய் திறந்தபடி யாரோ அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

“ஆத்துப் படமில்லையா, அதான் ஈரம்,” என்றான் கணவன் சாயங்காலம். “துணி காயப்போட இடம் இல்லன்னு சொன்னியே, இந்த ஆத்தங்கரையிலேயே காயப்போடு.” அவன் வந்து பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் சிட்டு தரையில் படுக்கத் தொடங்கினாள். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, வாசல் கதவுக்கு இரண்டடி உள்ளே கன்னத்தைத் தரையில் பதித்துப் படுத்துக்கொள்வாள். வண்ணப் பென்சில் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது.

“எழுந்திரு கண்ணு. மெத்தையில படு.”

“இங்கதாம்மா பாட்டு நல்லாக் கேக்குது. தரையே பாடுது.” பிறகு, “தண்ணி குடும்மா.”

ஒரு டம்ளர். இன்னொன்று. குடித்துவிட்டுக் கையால் வாயைத் துடைத்துவிட்டு, “இன்னும்” என்றாள். இரண்டு நாளில் ஒரு குடம் தண்ணீர் குடிக்கும் நிலை. ஆனால் உதடு வெடித்தது. நாக்கு வெள்ளையாகத் தடித்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய மேடு அப்படியே நின்றது. சர்க்கரை சோதித்தார்கள், இல்லை. “உடம்புல தண்ணியே தங்கல. ஏன்னு புரியல,” என்றார் டாக்டர். பேருந்து வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கணவன் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தான். விடாமல் ஜோக் சொல்கிற மனிதன் டம்ளரை நிரப்பிக்கொண்டே இருந்தான்.

ஒரு மதியம் குழந்தை தூங்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரை நிறுத்தினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கதவின் அடிப்பக்கம். நகம் மரத்தில் இழுபடும் சத்தம். ஒரு இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு இழுப்பு.

அந்தச் சத்தத்தை அவள் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டம்மா காய் நறுக்கிய கையோடு வந்து, உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நின்று பேசினாள்.

“உங்களுக்குச் சொல்லலையா தரகர்? அந்தப் பெரியவர் அடுப்படியில விழுந்தவர்தான், அப்பவே போய்ட்டாரு. ஒம்பது நாள் கழிச்சு நாத்தம் வந்து கதவை உடைச்சாங்க. அந்தம்மா மெத்தையிலேருந்து கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்காங்க பாவம். அஞ்சு நாள் உயிர் இருந்திருக்கும்னு சொன்னாங்க. பசியில இல்லீங்க, தாகத்துல போயிருக்காங்க.”

“உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா அக்கா?”

“கேட்டுச்சே. பாட்டு ராத்திரி பகல்னு ஓடிட்டே இருந்துச்சு. பெரியவர் குஷியா இருக்காருன்னு பேசிக்கிட்டோம். நல்ல பாட்டு வேற. நான்கூட ஜன்னலைத் தொறந்து வச்சுக் கேட்டேன்.” அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். “யாராவது மணியடிச்சிருந்தாகூடப் போதும்.”

மணியடித்தவள் திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள்.

வாத்தியார் இன்னும் இரண்டு படங்களுக்குச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். பெரியவர் விழுந்த மூன்றாம் நாள் அவற்றைக் கொண்டுவந்தவள் அவள். மணியடித்தாள். உள்ளே வயலின். மறுபடி அடித்தாள். கதவின் அடியில் ஏதோ பிறாண்டியது. நாய் வளர்க்கிறார்கள்போல என்று நினைத்தாள். அந்த வீட்டில் நாய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்திரிக்க முடியாத ஒருத்தி உள்ளே இருப்பதும் தெரியும், பேச முடியாதவள் என்பதும் தெரியும். ஆனால் கடையில் ஆள் காத்திருந்தார். கண்ணாடிப் படத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது கடை வழக்கம். சீட்டில் “ஆள் இல்லை” என்று எழுதினாள். பாட்டு நன்றாக இருந்ததால் லிஃப்ட் வரும்வரை நின்று கேட்டாள்.

ஒரு நிமிஷம் குனிந்திருந்தால் போதும். கதவடி இடுக்கில் கண் வைத்திருந்தால் போதும்.

மறுநாள் சிட்டு கண் திறக்கவில்லை. கணவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் படியில் ஓடினான், லிஃப்ட்டுக்குக் காத்திராமல். ஆஸ்பத்திரியில் குழந்தையின் இரண்டு கையிலும் ஊசி குத்திப் பார்த்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை.

“அம்மா, கரண்டியில குடு,” என்று முனகினாள் சிட்டு. அது சிட்டுவின் குரல் இல்லை. வயதான, காற்று மட்டுமே உள்ள குரல்.

அம்மா எழுந்தாள். “துணி எடுத்துட்டு வரேங்க.”

“இப்பவா? இப்பப் போயி என்னத்துக்குத் துணி?”

“வந்துடறேன்.”

வீடு திறந்தாள். மாலை வெயில் கூடத்தில் பாதிதூரம் வந்திருந்தது. செருப்பைக் கழற்றினாள். ஸ்பீக்கரைத் தொடவில்லை. சட்டைப் பித்தானைப் போல ஒவ்வொன்றாகத் தன் பயத்தை அவிழ்த்து வைக்க முயன்றாள். முடியவில்லை. பயத்தோடுதான் அடுப்படிக்குப் போனாள். கிண்ணம். தண்ணீர். சின்னக் கரண்டி.

கதவுக்கு இரண்டடி உள்ளே படுத்தாள். கன்னம் தரையில். தரை குளிரவில்லை. யாரோ நெடுநேரம் கிடந்து எழுந்த இடம்போல வெதுவெதுப்பாக இருந்தது.

கதவடியில் இழுபட்டுக்கொண்டிருந்த நகத்தின் சத்தம் நின்றது.

பழைய வியர்வையும் மருந்து எண்ணெயும் கலந்த வாசனை. முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில். மூச்சு. கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தாம்மா. படம் மாட்ட வந்தவ. அன்னிக்கு... அன்னிக்கு நான் கேட்டேன். கேட்டுட்டுதான் போனேன்.”

மூச்சு மட்டும்.

கரண்டியில் தண்ணீர் மொண்டு, மூச்சு வந்த இடத்துக்கு நீட்டினாள். தண்ணீர் சிந்தும், தரையில் சொட்டும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. கரண்டியின் நுனியை உலர்ந்த ஏதோ கவ்வியது. பல் உலோகத்தில் பட்டு லேசாக அதிர்ந்தது. விட்டது.

கரண்டி காய்ந்து திரும்பி வந்தது.

இன்னொன்று. இன்னொன்று. நோயாளிக்குக் கொடுக்கும்போது அவசரப்படக்கூடாது. தொண்டையில் இறங்கட்டும். இறங்கும் ஒலி கேட்டது. வெயில் அவள் முதுகைத் தாண்டி, கதவில் ஏறி, மெல்லிதாகிப் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் கிடந்த கைபேசி துடித்தது. இடது கையால் காதில் வைத்தாள்.

“முழிச்சுட்டாடி.” கணவன் அழுதுகொண்டிருந்தான். “நரம்பு கிடைச்சிருச்சு. உதடெல்லாம் ஈரமா இருக்கு, யாரும் ஒண்ணும் குடுக்கல, டாக்டருக்கே புரியல. நீ எங்க இருக்க? என்ன பண்ற?”

“சும்மாதான்,” என்றாள். “உக்காந்திருக்கேன்.”

“சீக்கிரம் வா. உன்னைத்தான் தேடறா.”

“இதோ.”

கிண்ணத்தில் கடைசிக் கரண்டி. கொடுத்தாள். தரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. முழங்கையை ஊன்றி எழப் போனாள். புடவைத் தலைப்பு வரவில்லை. ஒற்றை விரல், எலும்பளவு மெலிந்த ஒற்றை விரல், முந்தானை மடிப்பில் கொக்கியாக மாட்டியிருந்தது. இழுக்கவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

“போய்த் தண்ணி எடுத்துட்டு வந்துடறேம்மா.”

விரல் விடவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே மறுபடி படுத்தாள். அந்த விரலின் மேல் தன் கையை வைத்தாள். ஆறிப்போன அடுப்புச் சாம்பலைத் தொட்டதுபோல் இருந்தது. இருட்டு கூடத்தை முழுசாக நிரப்பியது. கைபேசி துடித்து, நின்று, மறுபடி துடித்தது. தரையோடு தரையாக, அவள் காதுக்கு அருகில், ஈரமான உதடுகள் மெல்லப் பிரிந்தன.

“இன்னும்.”