வியாழக்கிழமை காலை ஏழு மணி

அருள்தாஸின் ஜீப்புக்கு ஒரு கண் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை தமயந்தி அம்மாளின் வீட்டு வாசலில் நின்று அந்தத் துக்கத்தைத்தான் அவன் கொட்டிக்கொண்டிருந்தான்.

"நேத்து காலையில ஏழு மணிக்கு, யக்கா. அட்டுவம்பட்டி வளைவுல, மேகவாசல் கெஸ்ட் ஹவுஸ் கேட்டுக்கு நேர் கீழ. தை மாசத்துல இப்படி ஒரு மூட்டத்த நான் பாத்ததே இல்ல. என் ஜீப்பு மூக்கே எனக்குத் தெரியல. பால் வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான், எந்தப் பக்கம்னு புரியல. புரிஞ்சப்போ ஹெட்லைட்டு நொறுங்கிக் கெடக்கு!"

தமயந்தி அம்மாள் மலைப்பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். முப்பத்திரண்டு வருடம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொலைந்த நகை, மொட்டைக் கடிதம், சொல்லாமல் ஓடிப்போன மாப்பிள்ளை என்று கொடைக்கானலில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் போலீஸுக்குப் போகுமுன் அவர் வீட்டுப் படியைத்தான் மிதிப்பார்கள். அவரிடம் அவசரம் என்பதே கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆண்டவன் அனுப்பிய ஆள்தான் அருள்தாஸ். அவனை யாரும் உதவியாளனாக நியமிக்கவில்லை. அவனே தன்னை நியமித்துக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது.

ஹெட்லைட் புலம்பல் முடியும் முன்பே ஒரு பெண் வேகமாகப் படியேறி வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கையில் ஒரு பழுப்பு உறை.

"மேடம், என் பேரு சுதாராணி. மேகவாசல் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். இன்னைக்கு நாலு மணிக்குள்ள நான் திருடி இல்லன்னு தெரியணும். இல்லன்னா முதலாளி போலீஸுக்குப் போயிருவாரு."

தமயந்தி அம்மாள் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் தண்ணீரைத் தொடாமலே சொல்லி முடித்தாள்.

மேகவாசலின் ஆபீஸ் அறையில் பித்தளைத் தொலைநோக்கி ஒன்று உண்டு. முதலாளி கதிர்வேலின் அப்பா வாங்கி வைத்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு சுதாராணி அறையைப் பூட்டியபோது அது இருந்தது. வியாழன் மதியம் கதிர்வேல் திண்டுக்கல்லிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தபோது இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு பேரிடம்: இவளிடம் ஒன்று, அங்கேயே தங்கியிருக்கும் மேனேஜர் மதனிடம் ஒன்று. புதன் இரவு விருந்தாளிகள் யாரும் இல்லை.

"தபால்ல பி.எட். முடிச்சிருக்கேன் மேடம். வர்ற புதன்கிழமை மதுரையில சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன். கவர்மென்ட் ஸ்கூல் வேலை. எங்கப்பா சிலோன் தோட்டத்துல இருந்து வந்து, கூலி வேலையிலயே போய்ச் சேந்துட்டாரு. அம்மா இன்னும் காலையில ஆறு மணிக்கே கேரட் காட்டுக்குப் போறாங்க. என் பேர்ல ஒரு கேஸ் விழுந்தா எல்லாம் போச்சு."

உறைக்குள் கதிர்வேல் எழுதிய புகாரின் நகல் இருந்தது. அதில் மதன் கண்ணால் கண்டதாகச் சொன்னது இது: 'வியாழன் காலை ஏழு மணிக்கு என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுதாராணி ஆபீஸ் வாசலில் நின்று பள்ளத்தாக்கை நன்றாகப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நீளமான ஒரு பையோடு வெளியே போனாள்.'

அதற்குச் சாட்சியாகக் கூடவே சில தாள்கள் இணைக்கப்பட்டிருந்தன. மேகவாசலுக்கு இன்டர்நெட்டில் ஒரு பிளாக் இருந்தது. 'இன்று காலை எங்கள் ஜன்னலில்' என்று அதற்குப் பெயர். தினமும் காலையில் வானம் எப்படி, மலை எப்படி என்று சுதாராணி நாலு வரி எழுதுவாள். சென்னையிலும் பெங்களூரிலும் அதைப் படித்துவிட்டுத்தான் பலர் அறை கேட்டுப் போன் செய்கிறார்கள். நேரில் பார்த்து எழுதுவது என்பதில் கதிர்வேலுக்கு அத்தனை பெருமை. வியாழக்கிழமைக் குறிப்பு இப்படி இருந்தது: 'வானம் துடைத்துவைத்தது போல் இருக்கிறது. வில்பட்டிப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீட்டுக் கூரையும் தெரிகிறது. வெயில் வந்துவிட்டது.' அடியில் நேரம்: 7:00.

தமயந்தி அம்மாள் மற்ற தாள்களின் அடியிலிருந்த நேரங்களையும் விரல் வைத்துப் பார்த்தார். டிசம்பர் முதல் வாரத்தில் 6:52, 7:11, 7:04. டிசம்பர் பாதிக்கு மேல் 7:00, 7:00, 7:00. கடைசித் தாள் வரை அதேதான்.

"நேத்து ஏழு மணிக்கு நீ எங்கம்மா இருந்தே?"

"வீட்டுல, மேடம். படிச்சிட்டிருந்தேன். அம்மா காட்டுக்குப் போயிட்டாங்க, பாத்தவங்க யாரும் இல்ல."

"அப்போ ஏழு மணிக்கு இத யாரு எழுதுனது?" என்று அருள்தாஸ் பாய்ந்தான்.

சுதாராணி தலையைக் குனிந்துகொண்டாள். "அத மட்டும் கேக்காதீங்க."

"சரி, கேக்கல," என்றார் தமயந்தி அம்மாள். அருள்தாஸுக்குத் தாங்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள் என்பது அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகும்போதே அக்காவின் காதில் அதைச் சொல்லியும் பார்த்தான்.

"மறைக்கிறாதான். ஆனா திருட்டத்தான் மறைக்கிறான்னு யாரு சொன்னா?" என்றார் அவர்.

மேகவாசலில் அருள்தாஸ் நேராக வேலியைச் சுற்றிக் காலடி தேடப் போய்விட்டான். தமயந்தி அம்மாள் சமையல்கட்டுக்குப் போனார். சமையல்காரி குப்பம்மாள் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தாள்.

"பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யாம்மா. நேத்து மத்தியானம் மதன் தம்பி குடுத்துச்சு. காம்புல இலை கூட வாடல பாருங்க. அதோட அக்காவ பழனியிலதான் குடுத்திருக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு அங்க மூக்குக்கண்ணாடிக் கடை."

"நேத்து நீங்க எத்தன மணிக்கு வந்தீங்க?"

"எட்டு மணிக்கு. கேட்டத் தடவித் தடவித்தான் கண்டுபிடிச்சேன், போங்க. ஒம்பதரைக்கு மேலதான் வெளுத்துச்சு. தம்பி ரூமு அப்பவும் சாத்தியே கெடந்துச்சு. அது லேட்டாத்தான் எந்திரிக்கும்."

மதன் முப்பது வயதுக்காரன், பணிவானவன். ஆபீஸ் அறை வாசலுக்கும் தன் ஜன்னலுக்கும் நாற்பது அடி தூரம்தான் என்று அவனே காட்டினான்.

"மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதா தம்பி?"

"நல்லாத் தெரிஞ்சுது மேடம். வெயில் நேரா அடிச்சுதே. கண்ணுக்கு மேல கைய வச்சுக்கிட்டுத்தான் பள்ளத்தாக்கப் பாத்தாங்க."

"இந்த வாரம் மலையை விட்டு இறங்குனீங்களா?"

"எங்க மேடம் நேரம்? சோலி சரியா இருக்கு."

தமயந்தி அம்மாள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலியோரம் கண்டெடுத்த பழைய செருப்பு ஒன்றோடு அருள்தாஸ் ஓடிவந்தான். அது குப்பம்மாளுடையது என்று தெரிந்ததும் அவன் சந்தேகம் முழுக்க அந்த அம்மாள் மேல் திரும்பியது. "ஏலே, அந்தம்மா செருப்பு அந்தம்மா வேலை பாக்குற எடத்துல கெடக்காம சந்தையிலயா கெடக்கும்?" என்றார் தமயந்தி அம்மாள். அவன் செருப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

நாலு மணிக்கு ஆபீஸ் அறையில் ஐந்து நாற்காலிகள் போடப்பட்டன. ஆறாவதாக அருள்தாஸ் கதவோரம் நின்றான். கதிர்வேலின் சட்டைப்பையில் புகார்க் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் தந்தி ஆபீஸ்ல இருந்தவ," என்று தமயந்தி அம்மாள் நிதானமாக ஆரம்பித்தார். "கல்யாண வாழ்த்துத் தந்திய முன்கூட்டியே குடுத்து வைப்பாங்க. இன்ன தேதிக்குப் போய்ச் சேரணும்னு சொன்னாப் போதும். முகூர்த்த நேரத்துல தந்தி மண்டபத்துக்குப் போகும், அனுப்புனவரு அன்னைக்கு வேற ஊர்ல தூங்கிக்கிட்டு இருப்பாரு. தந்தி போய்ச் சேந்த நேரத்தை வச்சு ஆள் எங்க இருந்தாருன்னு சொல்ல முடியாது."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் கதிர்வேல்.

"உங்க பிளாக்ல டிசம்பர் பாதி வரைக்கும் நேரம் முன்னப்பின்ன இருக்கு. ஒரு நாள் 6:52, ஒரு நாள் 7:11. மனுஷங்க உக்காந்து எழுதுனா அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஆறு வாரமா ஒரு நிமிஷம் கூட மாறல. தினமும் சரியா ஏழு மணிக்கு எந்த மனுஷியாலயும் எழுதி முடிக்க முடியாது, கடிகாரத்தாலதான் முடியும். பிளாக்ல அந்த வசதி இருக்காம். எழுதி வச்சு, இன்ன நாள் இன்ன மணின்னு சொல்லிட்டா அதுவா வெளிய வரும். என்னம்மா?"

சுதாராணியின் கண் நிறைந்துவிட்டது. "திங்கக்கிழமையே ஏழு நாளைக்கும் எழுதி வச்சிருவேன் சார். அதனால தினமும் ஒரு மணி நேரம் படிக்கக் கெடச்சுது. நேர்ல பாத்துத்தான் எழுதணும்னு நீங்க சொல்லியிருந்தீங்க. அதான் வெளிய சொல்ல பயமா இருந்துச்சு. தை மாசத்துல காலையில தெளிவாத்தான் இருக்கும்னு நம்பி எழுதுனேன்."

கதிர்வேலின் முகம் சிவந்தது. "அப்போ ஆறு வாரமா என் கெஸ்டுங்களுக்குப் பொய்யா சொல்லிக்கிட்டிருந்தே?"

"அதுக்குக் கோபப்படுங்க, நியாயந்தான். ஆனா கொஞ்சம் பொறுங்க," என்றார் தமயந்தி அம்மாள். "தாஸு, உன் ஜீப்பு லைட்டு எப்ப உடைஞ்சுது?"

"நேத்து காலையில ஏழு மணிக்கு, இந்தக் கேட்டுக்கு நேர் கீழ..." சொல்லிக்கொண்டே வந்த அருள்தாஸ் பாதியில் வாயைத் திறந்தபடி நின்றான். "யக்கா! மூட்டம்!"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. விடையை வண்டியின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறான்!

"நேத்து ஏழு மணிக்கு இங்க பானையில இட்லி வேகுற மாதிரி மூட்டம். குப்பம்மா கேட்டத் தடவிக்கிட்டு வந்திருக்காங்க. ஆனா பிளாக்ல வானம் தெளிவு, வெயில் வந்தாச்சு. ஏன்னா அது திங்கக்கிழமை எழுதுனது. அந்தத் தப்புக்குக் காரணம் புரியுது. ஆனா மதன் தம்பியும் அதே தப்பச் சொல்றாரே, அதுக்கு என்ன காரணம்? வெயில் அடிச்சுதாம், கண்ணுக்கு மேல கைய வச்சு இந்தப் பொண்ணு பள்ளத்தாக்கப் பாத்துச்சாம், நாப்பது அடி தள்ளி மூஞ்சி தெரிஞ்சுதாம்."

தமயந்தி அம்மாள் புகாரின் நகலையும் பிளாக் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பரீட்சையில ரெண்டு பேரு ஒரே மாதிரி சரியா எழுதினா ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பேரு ஒரே மாதிரி தப்பா எழுதினா, ஒருத்தர் இன்னொருத்தரப் பாத்து எழுதியிருக்காருன்னு அர்த்தம். தம்பி பிளாக்கப் பாத்துத்தான் சாட்சி சொல்லியிருக்காரு. ஏழு மணிக்கு எழுதியிருக்காளே, அப்போ கண்டிப்பா இங்கதான் இருந்திருப்பான்னு நம்பிட்டாரு. அவரு இங்க இருந்திருந்தா, ஜன்னலத் தொறந்ததும் மூட்டம்னு தெரிஞ்சிருக்கும். அது தெரியாத எடத்துல இருந்திருக்காரு. கொய்யாப்பழம் கொடைக்கானல் மார்க்கெட்லயும் கிடைக்கும், அத மட்டும் வச்சு நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனா இலையோட இருக்குற ஆயக்குடிக் கொய்யாவையும் பழனியில இருக்குற கண்ணாடிக் கடையையும் சேத்துப் பாக்கும்போது கேக்கத் தோணுது. தொலைநோக்கியில எந்தக் கண்ணாடி தம்பி உடைஞ்சுது?"

மதன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"முன் கண்ணாடி," என்றான். "புதன்கிழமை ராத்திரி தொடைக்க எடுத்தேன் சார், கைதவறி விழுந்துருச்சு. மாமாகிட்ட மாத்தி வாங்கிட்டு சனிக்கிழமை நீங்க வர்றதுக்குள்ள வச்சிரலாம்னு கடைசி பஸ்ஸப் புடிச்சுப் பழனிக்குப் போனேன். நேத்து பத்தரைக்குத் திரும்பினப்போ இங்க நல்ல வெயிலு. நீங்க மத்தியானமே வந்து நின்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல. வாயில வந்தது அவங்க பேரு. தொலைநோக்கி மாமா கடையில பத்திரமா இருக்கு சார்."

"அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போயிருக்குமேய்யா!" என்று குப்பம்மாள்தான் கத்தினாள். மதன் எழுந்து சுதாராணியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று அருள்தாஸ் நினைத்தான், அது சரிதான் என்றும் நினைத்தான்.

கதிர்வேல் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துப் போட்டார். தொலைநோக்கி வந்த பிறகு மதன் விஷயத்தைப் பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு சுதாராணியிடம் வந்தார்.

"நீயும் என்னை ஏமாத்தியிருக்கேம்மா."

"ஆமா சார். தப்புதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வாரத்துல நேத்து ஒரு நாள்தான் சார் என் கணக்கு தப்பாப் போச்சு. மூட்டம்னு சரியா எழுதி வச்சிருந்தா, மதன் அண்ணனும் மூட்டத்துலதான் என்னைப் பாத்ததாச் சொல்லியிருப்பாரு. என்னை யாரு நம்பியிருப்பா?"

அதைக் கேட்டதும் தமயந்தி அம்மாளின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு கவலை ஓடியதை அருள்தாஸ் பார்த்தான்.

"வெரிஃபிகேஷன் என்னைக்கும்மா?" என்று கதிர்வேல் கேட்டார்.

"புதன்கிழமை சார்."

"அன்னைக்கு உள்ளத இப்பவே எழுதி வச்சிட்டுப் போ. ஆனா ஒண்ணு, இது முன்னாடியே எழுதினதுன்னு அதுலயே சொல்லிரு."

சுதாராணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தேதி புதன்கிழமை, நேரம் ஏழு மணி என்று வைத்தாள். இன்று மலை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் மதுரையில் என் சர்டிஃபிகேட்டுகளோடு வரிசையில் நிற்கிறேன் என்று முதல் வரியை எழுதினாள்.