ஒரே பாட்டுப் பாடிய பன்னிரண்டு கற்கள்

கல்லறுக்கும் பட்டறையின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘எங்கள் வெட்டில் நூலிழையும் பிசகாது’ என்று அதில் நீல எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் பெரியப்பா. தினமும் காலையில் அதைத் துடைப்பவரும் அவரே. தன் முகத்தைக்கூட அவர் அவ்வளவு அழுத்தித் துடைக்க மாட்டார்.

பெரியப்பாவின் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கீழே விழுந்த பென்சிலைக்கூட முழங்காலை மடக்கித்தான் எடுப்பார். அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது. வெளியாள் முன்னால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அவருடைய தம்பி மகள் ஆறாம் வகுப்புப் படித்தாள். எந்த டப்பாவைத் திறந்தாலும் உள்ளே அவள் கை இருக்கும். அதனால் வீட்டில் அவள் பெயர் நண்டு.

இரண்டு வாரங்களுக்கு முன் ஆய்வுக்கூடத்து அக்கா ஒரு நீளப் பெட்டியுடன் பட்டறைக்கு வந்தார். உள்ளே உருளை வடிவில் ஒரு கறுப்புக் கல். பூமிக்கு அடியில் மிக ஆழத்திலிருந்து துளைபோட்டு எடுத்தது.

“இது என்ன கல்லுக்கா? தாள் தாளா இருக்கு?” என்றாள் நண்டு.

“களிப்பாறை. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்ச சேறு. அடுக்கடுக்கா இறுகிக் கல்லாயிடுச்சு. அந்தக் கடல்ல ஆக்சிஜன் இருந்துச்சா, இல்லையான்னு இந்தக் கல்லுக்கிட்டதான் கேக்கணும்.”

“கல்லு பேசுமா?”

“கேக்கத் தெரிஞ்சா பேசும். கடல் தண்ணியில மாலிப்டினம்னு ஒரு உலோகம் கொஞ்சூண்டு இருக்கு. ஆக்சிஜன் இருந்தா அது பாட்டுக்குத் தண்ணியிலேயே சுத்தித் திரியும். ஆக்சிஜன் தீந்து, அழுகின முட்டை நாத்தம் அடிக்குற வாயு நிறைஞ்சா, அடியில போய்ச் சேத்துல உக்காந்துக்கும். கல்லுல மாலிப்டினம் நிறைய இருந்தா, அந்தக் கடலுக்கு மூச்சு முட்டியிருக்குன்னு அர்த்தம்.”

நண்டு உடனே மூச்சை அடக்கிப் பார்த்தாள். முப்பது எண்ணுவதற்குள் முகம் தக்காளியாகிவிட்டது. பாவம் அந்தக் கடல் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியப்பா அந்த உருளையைப் பன்னிரண்டு துண்டுகளாக அறுத்தார். ஒவ்வொன்றும் இரண்டு விரல் தடிமன். கீழிருந்து மேலாக ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்பிவைத்தார்.

இன்று அந்த அக்கா திரும்பி வந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“ஐயா, பன்னிரண்டு துண்டுலயும் மாலிப்டினம் எக்கச்சக்கம். அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு.”

“அப்ப கடல்ல ஆக்சிஜன் இல்ல. அவ்வளவுதானே?” என்றார் பெரியப்பா.

“இது லட்சக்கணக்கான வருஷமா படிஞ்ச சேறு ஐயா. மேலயும் கீழயும் கொஞ்சமாவது மாறணும். பன்னிரண்டு பேரும் ஒரே பாட்டை ஒரே குரல்ல பாடினா, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரியில்ல இருக்கு? அறுக்குறப்ப ஏதாவது கலந்திருக்குமோ?”

பெரியப்பாவின் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

“வாசல்ல பலகையைப் படிச்சீங்களாம்மா? வெறும் ரம்பத் தகடும் தண்ணியும்தான் நாங்க உபயோகிக்குறது. உங்க மெஷினைப் போய்ப் பாருங்க.”

“அதை மூணு தடவை பாத்துட்டேன் ஐயா. காரணம் தெரியாம அடுத்த கல்லை இங்க கொண்டுவர முடியாது. வேற பட்டறைக்குத்தான் போகணும்.”

பெரியப்பாவின் மீசை துடித்தது.

மூலையில் கற்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த நண்டின் கை நின்றது.

கல் அறுத்ததற்கு முந்தைய நாள் அவளுக்கு நினைவு வந்தது. ரம்பத்தின் அச்சு பூனை போலக் கத்திக்கொண்டிருந்தது. இயந்திரம் நின்றிருக்கும்போது அதற்கு எண்ணெய் விடுவது அவள் வேலை. வருடம் முழுக்கக் கெஞ்சி வாங்கிய வேலை! ஆனால் அன்று எண்ணெய்ப் புட்டி காலி. எதிர் சைக்கிள் கடையில் ஒரு விரல் கறுப்புக் கிரீஸ் வாங்கிவந்து அச்சில் தடவினாள். கத்தல் அடங்கிவிட்டது. “பார்த்தியா, நம்ம வீட்டுப் பொண்ணு கை வச்சா ரம்பமே அடங்குது!” என்று பெரியப்பா அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

நண்டு ஒரே ஓட்டமாகச் சைக்கிள் கடைக்கு ஓடினாள்.

“அண்ணா, அன்னிக்குக் குடுத்தீங்களே, அந்தக் கிரீஸ் டப்பாவைக் காட்டுங்க!”

“மறுபடியும் பூனை கத்துதா?” என்று சிரித்தபடி அவர் டப்பாவை நீட்டினார்.

அதன்மேல் பொடி எழுத்தில் இருந்தது: ‘மாலிப்டினம் கலந்தது.’

நண்டு அதை இரண்டு முறை படித்தாள். டப்பாவை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தவள், பலகையின் கீழ் நின்றாள். சொன்னால் பலகை பொய்யாகிவிடும். வெளியாள் முன்னால் பெரியப்பாவின் தலை குனிந்துவிடும். சொல்லாவிட்டால்? அந்தக் கடல் வாழ்நாள் முழுக்க மூச்சு முட்டிக் கிடந்ததாக அக்கா எழுதிவிடுவார். கடல் வந்து இல்லையென்று சொல்ல முடியாதே!

உள்ளே போனாள்.

“பெரியப்பா, நம்ம சட்டத்தை இன்னிக்கு ஒரு தடவை மீறப் போறேன்.”

“என்ன சட்டம்?”

“வாசற்படி சட்டம்.” டப்பாவை மேசைமேல் வைத்தாள். “அச்சுக்கு நான் தடவினது எண்ணெய் இல்ல. இந்தக் கிரீஸ். இதுல மாலிப்டினம் இருக்கு. அது தகட்டைக் குளிர வைக்குற தண்ணியில கலந்து கல்லுல ஏறியிருக்கும். தப்பு என்னோடது. பெரியப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

அக்கா டப்பாவைப் படித்தார். பெரியப்பாவும் படித்தார்.

“இதுதான் காரணம்னு எப்படி உறுதியா சொல்றது?” என்றார் அக்கா மெல்ல.

அதையும் நண்டு யோசித்து வைத்திருந்தாள். “உங்ககிட்ட மாலிப்டினமே இல்லாத கல்லு இருக்காக்கா?”

“வெள்ளைப் படிகக்கல் இருக்கு. அதுல மாலிப்டினம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல.”

“அதுல ஒரு துண்டை இப்ப இருக்குற ரம்பத்துல அறுப்போம். அப்புறம் ரம்பத்தைக் கழட்டிக் கழுவி, தண்ணியை மாத்தி, இன்னொரு துண்டை அறுப்போம். ரெண்டையும் சோதிங்க. வெள்ளைக்கல்லும் அதே பாட்டைப் பாடினா, சொல்லிக்கொடுத்தது நம்ம ரம்பம்தான்.”

அக்கா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா நண்டைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார்.

“கல்லைக் கொண்டாங்கம்மா. கழுவுறது என் பொறுப்பு. இந்தப் பட்டறையில பிள்ளைங்க தப்பு தனி, பெரியவங்க தப்பு தனின்னு கிடையாது. வேலையைக் குடுத்தவன் நான்.”

மூன்றாம் நாள் பதில் வந்தது. கழுவுவதற்கு முன் அறுத்த வெள்ளைக்கல்லில் மாலிப்டினம் இருந்தது. கழுவிய பின் அறுத்ததில் இல்லை.

அக்கா திரும்பக் கொண்டுவந்த பன்னிரண்டு துண்டுகளின் வெளிப்பக்கத்தையும் பெரியப்பா சுத்தமான ரம்பத்தால் சீவி எறிந்தார். உள்ளே இருந்த, கிரீஸ் தொடாத கல் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அடுத்த வாரம் அக்கா ஒரு தாளை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“இப்பதான் ஆளுக்கொரு பாட்டுப் பாடுது! அடியில இருக்குற அஞ்சு துண்டுல மாலிப்டினம் கம்மி. ஆக்சிஜன் இருந்திருக்கு. நடுவுல நாலு துண்டுல ஏறிடுச்சு. கடலுக்கு மூச்சு முட்டியிருக்கு. மேல மூணுல...”

“என்னாச்சுக்கா?” நண்டு தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“மறுபடியும் கம்மி. கடல் பிழைச்சுக்கிச்சு!”

நண்டு ‘உஸ்’ என்று மூச்சை விட்டாள்.

அக்கா தன் பையிலிருந்து இன்னொரு நீளப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். “ஐயா, இதையும் நீங்கதான் அறுக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்.”

அன்று மாலை பெரியப்பா பலகையைக் கழற்றினார். உடைக்கப் போகிறார் என்றே நண்டு நினைத்தாள். ஆனால் அவர் அதை உடைக்கவில்லை. நீலச் சாயத்தையும் தூரிகையையும் அவள் கையில் கொடுத்து, கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னார். நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் எழுதினாள்: ‘பிசகினால் முதலில் நாங்களே சொல்வோம்.’

பலகை மறுபடியும் வாசலுக்கு ஏறியது. இருவரும் பத்தடி தள்ளி நின்று பார்த்தார்கள்.

“பெரியப்பா, என் வரி கொஞ்சம் கோணலா இருக்கு.”

பெரியப்பா ஒற்றைக் கண்ணை மூடி அளந்தார்.

“ஆமா, நூலிழை பிசகியிருக்கு,” என்றார். “அதான் நாமளே சொல்லிட்டோமே. விடு!”