பதினேழாம் குப்பி

காலையில் மாற்றிய ஊட்டத் திரவம் மதியத்துக்குள் மஞ்சளாகியிருந்தது. குப்பியிலுள்ள செல்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்தால் சிவப்புத் திரவம் மஞ்சளாகும். அதற்கு இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். பதினேழாம் குப்பி நாலே மணி நேரத்தில் முடித்துவிட்டிருந்தது.

மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'கல்லீரலார்' என்று அழைக்கும் அந்த விஞ்ஞானி, அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழுப்பு படிந்த ஈரல் எப்படிப் புற்றுநோயில் போய் நிற்கிறது என்று இருபது வருடமாக ஆராய்கிறவர்; எண்பது ஸ்லைடு காட்டாமல் எந்த மேடையை விட்டும் இறங்காதவர். பதினாறு குப்பிகளில் நோயாளிகளின் செல்கள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஈரல் ஒன்று வேண்டும். தன்னுடையதைவிட ஒழுக்கமான ஈரல் உலகத்தில் வேறு யாருக்கு இருந்துவிடப் போகிறது? பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்தபோது சர்ஜன் நண்பரிடம் சொல்லி, மிளகளவு கிள்ளி வாங்கிக்கொண்டார். படிவத்தில் 'பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்' என்று எழுதும்போது அவருக்கே லேசாகப் புல்லரித்தது.

வெளியே எடுத்த ஈரல் செல்கள் பத்து நாளில் செத்துவிடும். பதினேழாம் குப்பியில் இவருடையவை எழுபது நாளாகப் பெருகிக்கொண்டிருந்தன. அதே எழுபது நாளில் இவர் இருபத்திரண்டு கிலோ இளைத்திருந்தார்.

"சார், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க! என்ன டயட்டு?" என்று டெக்னீஷியன் அக்கா கேட்டபோது, வாயைக் கட்டுவது பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று ஆள் சாப்பாட்டை முடித்த வாயால் பேசினார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

போன வாரம் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. குப்பிக்குப் பசி கூடிய நாளெல்லாம் இவர் எடை சரிந்த நாள். இப்படியே போனால் ஒரு மாதம் தாங்காது. ஒன்று அது, இல்லை இவர்.

ஆகவேதான் ஆளில்லாத இந்த ஞாயிற்றுக்கிழமை, கையில் பிளீச் பாட்டில்.

போன் அடித்தது. மனைவி.

"ஞாயித்துக்கிழமைகூட அந்த ஈரலோடதான் குடித்தனமா?"

"முடிச்சிட்டு வந்துடறேன்மா."

"குரல் ஏன் நடுங்குது? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"இன்னொரு தரம் சாப்பிடுங்க. சட்டையை ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கீங்க."

ஜன்னலில்லாத அந்த அடித்தள அறையில், செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் முனகிக்கொண்டிருக்க, அதன் கதவிடுக்கிலிருந்து காய்ச்சல்காரன் போர்வையை விலக்கியது போல வெதுவெதுப்பாக, கொஞ்சம் இனிப்பாக ஒரு வாடை கசிந்து அவர் கழுத்தைத் தடவிப் போக, குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் திரையைப் போட்டார். பாய் விரித்தாற்போல செல்கள். பாய் மெல்ல உப்பியது. வற்றியது. மறுபடி உப்பியது.

ஈரல் செல்கள் அசையாது. முதல் வருடப் பாடம். எண்பது ஸ்லைடில் ஒன்றிலும் இப்படி இல்லை.

அவர் மூச்சைப் பிடித்தார். திரை நின்றது.

விட்டார். திரை உப்பியது.

குப்பியின் மூடியைத் திருகினார். ஒரு சொட்டுப் பிளீச். ஒரே ஒரு சொட்டு.

வலது விலாவுக்குக் கீழே பழுக்கக் காய்ச்சிய ஆணி இறங்கியது. மேஜைமேல் கவிழ்ந்தார். பாட்டில் உருண்டு போனது. வலித்த இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தார். தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. சட்டையோடு விரல்கள் உள்ளே போயின. இன்னும் போயின.

நிமிர்ந்து பார்த்தார்.

திரையில், செல்களின் பாயில், ஐந்து பள்ளங்கள்.

கையை வெடுக்கென்று எடுத்தார். பள்ளங்கள் நிரம்பின. சமமாயின. அதோடு நிற்கவில்லை. அதே ஐந்து இடத்தில் செல்கள் மேடு கட்டத் தொடங்கின. லென்ஸை நோக்கி. மெதுவாக.

அவர் குனிந்தார்.

விலாவுக்குக் கீழே, தொளதொளத்த சட்டைத் துணியை, உள்ளேயிருந்து, ஐந்து விரல் நுனிகள் தூக்கின.