பதினோரு ஆம்பியர்

வயர்மேனின் தங்கை கணவர் தன் மரப்பட்டறைக்குப் பெரிய இழைப்பு மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். வியாழக்கிழமை லாரியில் வந்து இறங்கிவிடும். அதை நம்பி ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு பெஞ்ச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் பழைய வயரிங்கைக் கழற்றிவிட்டு பெரிய மெஷின் ஓடத் தேவையான மூன்று பேஸ் கரண்ட் லைன் இழுத்துத் தர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தியபோது, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை என்றுதான் வயர்மேன் நினைத்தார்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளே பகலிலும் மங்கல், நாள்பட்ட மரத்தூள் வாடை. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மெயின் ஒயரை டாங் டெஸ்டரால் கவ்விப் பார்த்தார். ஒயரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. பூஜ்யம் காட்டியிருக்க வேண்டும்.

பதினோரு ஆம்பியர் காட்டியது.

எங்கேயோ கசிகிறது என்று சுவர் சுவராகத் தேடினார். மத்தியானத்துக்குள் பொறுமை போய்விட்டது. இருந்த ஒயர் அத்தனையையும் பிடுங்கி வெளியே எறிந்தார். ஒன்றிலும் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் புது கேபிள் இழுத்தார். அதன் மறுமுனையை எதிலும் மாட்டாமல், டேப் சுற்றித் தரையில் போட்டார். மெயினைப் போட்டு ஒயரைக் கவ்வினார்.

பதினோரு ஆம்பியர்.

எதிலும் மாட்டாத ஒயரில் கரண்ட் ஓட வழியே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று அதைத் திட்டியபடி கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அதையேதான் சொன்னது. டீ கொண்டுவந்த தங்கை, வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்டுவைத்தாள். முப்பது வருஷமாக இதே தொழிலில் இருப்பவருக்குச் சுருக்கென்றது. தங்கை வீடாயிற்றே, கத்தவும் முடியவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு எண் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஒன்றேகாலுக்கு மறுபடி ஏறியது.

சாப்பாட்டு நேரம்.

வயர்மேன் இதைச் சொன்னதும் மாப்பிள்ளையின் முகம் மாறியது. கொட்டகையை விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்ன ஒரு விஷயத்தை அப்போதுதான் வெளியே விட்டார்.

"இங்க ஒருத்தர் வேலை செஞ்சுக்கிட்டு இருக்காரு, அவரை மட்டும் போகச் சொல்லிடாதீங்கன்னார், மச்சான். சரின்னேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் யாருமே வரலை. வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கும்னு விட்டுட்டேன்."

வியாழக்கிழமை மெஷின் வந்து இறங்கியது. லாரிக்காரர்கள் போன பிறகு வயர்மேன் மட்டும் உள்ளே இருந்தார். மெயினை அணைத்தார். இணைப்புக் கொடுக்கும் முன் கேபிளை ஒருமுறை கவ்விப் பார்த்தார்.

பதினோரு ஆம்பியர்.

மெயினை அணைத்த பிறகும்.

இதில் எப்படிக் கை வைப்பது? மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகப் பொங்கியது. ஆளில்லாத கொட்டகையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"யோவ், கொஞ்சம் நிறுத்துய்யா. நான் வேலை செய்ய வேண்டாமா?"

எண் பூஜ்யத்துக்கு இறங்கியது.

அதுவரை அவருக்கு வந்தது கோபம் மட்டும்தான். இப்போதுதான் பயம் வந்தது.

பச்சை மரத்தை அறுத்த வாடை அடித்தது. அதோடு வியர்வை வாடையும். யாரோ கை வேலையை விட்டுவிட்டு, இவர் முடிக்கட்டும் என்று பின்னால் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. மெஷின் அருகே மண்டியிட்டு, இணைப்புப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். ஒரு திருகாணி நழுவி மெஷினுக்கு அடியில் இருட்டுக்குள் உருண்டு போனது.

அவர் குனியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது உருண்டு வந்து அவர் முழங்காலில் இடித்து நின்றது.

எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. இணைப்பைக் கொடுத்தார், பெட்டியை மூடினார். அணைத்திருந்த மெயினுக்குத் தன் பூட்டையே போட்டுப் பூட்டி, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். தங்கையும் மாப்பிள்ளையும் வாசலில் காத்திருந்தார்கள்.

"முடிஞ்சுதா அண்ணா?"

"முடிஞ்சுது" என்றார். மூச்சு விட்டுக்கொண்டு, எல்லா வீட்டிலும் சொல்கிற பழக்கத்தில், "இனிமே போட்டுக்கலாம்" என்றார்.

கதவுக்குப் பின்னால் மெஷின் ஓட ஆரம்பித்தது.

தங்கை சட்டென்று தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வயர்மேன் உள்ளங்கையை விரித்தார். சாவி இருந்தது.

 உள்ளே மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது. பிறகு அந்த இரைச்சல் மெல்லத் தாழ்ந்து, கனத்தது.

பலகை உள்ளே போகும்போது கேட்கிற சத்தம்.